கிளினிக் வாசலில் ஐஸ் (ICE, அமெரிக்கக் குடிவரவு அமலாக்கத் துறை) வந்து நின்றால் கதவைத் திறக்க வேண்டுமா?

கேள்வி: வணக்கம் சார். நாங்கள் கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட் பக்கம் இருக்கிறோம். நான் எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் மனைவிக்கான விசா) வேலை அனுமதி வாங்கி, குழந்தைகள் கிளினிக் ஒன்றில் ஃப்ரண்ட் டெஸ்க்கில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் வகுப்பு எடுக்கிறேன். அதற்கு அரசுப் பள்ளிக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். பள்ளி, ஆஸ்பத்திரி, கோயில் பக்கம் ஐஸ் வரக்கூடாது என்று இருந்த சட்டத்தை எடுத்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கிறது. அவர்கள் வந்தால் நான் கதவைத் திறந்துதான் ஆக வேண்டுமா? மறுத்தால் என் விசாவுக்கு ஆபத்தா? இன்னொன்று. என் கணவரின் சித்தப்பா மகன் யாழ்ப்பாணத்துக்காரர், இப்போது ஹூஸ்டனில் இருக்கிறார். அசைலம் (அகதித் தஞ்சம்) கேஸ் நடக்கிறது, கோர்ட் தேதி நெருங்குகிறது. அவர் மனைவி ஏழு மாதக் கர்ப்பம். அங்கே ஆஸ்பத்திரியில் குடியுரிமை கேட்கிறார்களாம், போகவே பயப்படுகிறார்கள். என்ன சொல்வது? (பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் கர்ப்பிணிப் பெண்ணின் விஷயம். மற்றதெல்லாம் காத்திருக்கும். அவரை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். செக்கப்பைத் தள்ளிப்போடுவதால் வரும் ஆபத்து கண்ணெதிரே இருக்கிறது. ஆஸ்பத்திரி ஃபாரத்தால் வரும் ஆபத்து அவர்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை.

டெக்ஸாஸில் அப்படிக் கேட்பது உண்மைதான். ஆளுநர் கிரெக் ஆபட் 2024 ஆகஸ்டில் போட்ட ஆணைப்படி, அந்த ஆண்டு நவம்பர் 1 முதல் அங்குள்ள ஆஸ்பத்திரிகள் நோயாளிகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்கின்றன. ஃப்ளோரிடாவில் 2023லேயே இது வந்துவிட்டது. ஆனால் கேட்க வேண்டிய கடமை ஆஸ்பத்திரிக்குத்தான். பதில் சொல்ல வேண்டிய கடமை நோயாளிக்கு இல்லை. “பதில் சொல்ல விருப்பமில்லை” என்று சொல்லிவிடலாம். எந்தப் பதில் சொன்னாலும் சிகிச்சை பாதிக்கப்படாது என்று நோயாளியிடம் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே ஆணையில் இருக்கிறது. மாநில அரசுக்குப் போவது எத்தனை பேர், எவ்வளவு செலவு என்ற மொத்தக் கணக்கு. பெயர்ப் பட்டியல் போவதில்லை.

பிரசவ வலியோடு வருகிறவரை அவசரப் பிரிவு திருப்பி அனுப்ப முடியாது. 1986இல் வந்த மத்திய சட்டம் பிரசவ வலியைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பணம், இன்ஷூரன்ஸ், விசா எதுவும் அங்கே தடை இல்லை. ஒரே ஒரு இடத்தில் கொஞ்சம் யோசிக்கச் சொல்வேன். வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவியான மெடிக்கெய்டின் பதிவுகளை 2025 ஜூனில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குக் கொடுத்தார்கள், அதைப் பற்றி வழக்கு நடக்கிறது. எனவே அரசு உதவிக்கு விண்ணப்பிக்கும் முன் அசைலம் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். ஒன்றையும் யோசித்துப் பாருங்கள்: அசைலம் கேஸ் போட்டவரின் விலாசம் ஏற்கெனவே அரசாங்கத்திடம் இருக்கிறது. விலாசம் மாறினால் கோர்ட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதே விதி. ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் கண்டுபிடிப்பார்கள் என்ற பயத்தில் அர்த்தம் இல்லை.

இனி உங்கள் கேள்வி. வாட்ஸ்அப்பில் வந்தது பாதி சரி. எடுத்தார்கள், ஆனால் எடுத்தது சட்டத்தை அல்ல, துறையின் சுற்றறிக்கையை. ஐஸ் இயக்குநர் ஜான் மார்ட்டன் 2011 அக்டோபரில் ஒன்று போட்டார். பள்ளி, ஆஸ்பத்திரி, வழிபாட்டு இடம், சாவு வீடு, கல்யாணம், ஊர்வலம் ஆகிய இடங்களில் மேலதிகாரி அனுமதி இல்லாமல் நடவடிக்கை கூடாது என்றார். 2021 அக்டோபரில் அமைச்சர் மயோர்கஸ் அதை இன்னும் விரித்தார். 2025 ஜனவரி 20 அன்று புதிய அரசு அதை ரத்து செய்தது. இப்போது உள்ளூர் மேற்பார்வை அதிகாரிகளே அந்தந்த நேரத்தில் முடிவு செய்யலாம் என்பதுதான் நிலை. டென்வர் பள்ளி மாவட்டம் இதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனது, இடைக்காலத் தடை கிடைக்கவில்லை.

அந்தச் சுற்றறிக்கைகள் நன்மை செய்தன, மறுக்க மாட்டேன். ஆனால் அவற்றில் எப்போதுமே விதிவிலக்கு இருந்தது, மீறினால் நீங்கள் கோர்ட்டில் கேட்கவும் முடியாது. உங்கள் கிளினிக் கதவை அன்றும் இன்றும் காப்பது, நியாயமற்ற சோதனையையும் கைதையும் தடுக்கும் அரசியலமைப்பின் நான்காவது திருத்தம். பொதுமக்கள் யாரும் நுழையக்கூடிய இடத்துக்குள் ஐஸ் அதிகாரியும் நுழையலாம். பூட்டிய கதவுக்குப் பின்னால், அனுமதி பெற்றவர்கள் மட்டும் போகும் இடத்துக்குள் வர வேண்டுமென்றால் நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் வேண்டும், அல்லது உங்கள் சம்மதம் வேண்டும், அல்லது உயிர் போகும் அவசரம் போன்ற காரணம் வேண்டும். இந்த விதியை எந்த அமைச்சரும் கையெழுத்துப் போட்டு எடுத்துவிட முடியாது.

சம்மதம் என்ற இடத்தில்தான் நம் ஆட்கள் தடுமாறுகிறார்கள். யூனிஃபார்மில் ஒருவர் வந்து “உள்ளே வரலாமா” என்றால், நமக்கு வாய் தானாக “வாங்க” என்று சொல்லிவிடும், கை கதவைப் பிடித்துக்கொள்ளும். அதுவே சம்மதம். எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. தலையாட்டி ஒதுங்கி நின்றால்கூடப் போதும் என்று வாதிடுவார்கள்.

அப்புறம் காகிதம். அவர்கள் காட்டுவதில் பெரும்பாலானவை நீதிபதி பார்த்தே இராத காகிதங்கள். கைக்கு வந்ததும் மூன்று இடத்தைப் பாருங்கள். மேலே என்ன எழுதியிருக்கிறது? “டிபார்ட்மெண்ட் ஆஃப் ஹோம்லேண்ட் செக்யூரிட்டி” (உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை) என்று இருந்தால் அது நிர்வாக வாரண்ட். மூலையில் ஐ-200 அல்லது ஐ-205 என்ற ஃபாரம் எண் இருக்கும். கீழே கையெழுத்துப் போட்டவர் யார்? குடிவரவு அதிகாரி என்றால் அது துறைக்குள்ளேயே ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்தது. அதை வைத்து அந்த ஆளைப் பொது இடத்தில் கைது செய்யலாம், உங்கள் பூட்டிய கதவைத் திறக்க வைக்க முடியாது. உண்மையான கோர்ட் வாரண்ட் என்றால் மேலே “யுனைடெட் ஸ்டேட்ஸ் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்” என்று இருக்கும், நீதிபதியோ மாஜிஸ்திரேட்டோ கையெழுத்திட்டிருப்பார். சோதனை வாரண்டாக இருந்தால் எந்த இடம் என்று விலாசமும், எந்தத் தேதிக்குள் என்றும் இருக்கும். அந்தக் கெடு 14 நாளுக்கு மேல் போகக்கூடாது. நீதிபதி தனியாக அனுமதிக்காவிட்டால் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரைதான் சோதனை போடலாம். விலாசம் பக்கத்துக் கட்டடத்துடையதாக இருந்தால் அது உங்கள் கட்டடத்துக்குச் செல்லாது.

2025 மே மாதத் தேதியிட்ட ஐஸ் உள்குறிப்பு ஒன்று 2026 ஜனவரியில் வெளியே வந்தது. இறுதி நாடுகடத்தல் உத்தரவு உள்ளவரின் வீட்டுக்குள் ஐ-205 மட்டும் வைத்துக்கொண்டே நுழையலாம் என்கிறது அது. என் பார்வையில் இது நான்காவது திருத்தத்துக்கு நேர் விரோதம், கோர்ட்டுகளிலும் இது கேள்விக்கு உள்ளாகிவிட்டது. அதிகாரிகள் அந்த நம்பிக்கையோடு வரக்கூடும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

கிளினிக் விஷயத்தில் நீங்கள் கலிஃபோர்னியாவில் இருப்பது அதிர்ஷ்டம். 2025 செப்டம்பரில் ஆளுநர் நியூசம் கையெழுத்திட்ட எஸ்பி 81 என்ற சட்டம், மருத்துவ நிலையங்கள் எது பொது இடம், எது உள் இடம் என்று பிரித்து வைக்க வேண்டும் என்கிறது. கோர்ட் வாரண்டோ உத்தரவோ இல்லாமல் உள் இடத்துக்கு விடக்கூடாது என்றும் சொல்கிறது. எனவே திங்கட்கிழமை போனதும் மேனேஜரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். வெயிட்டிங் ரூமுக்கும் பரிசோதனை அறைகளுக்கும் நடுவே உள்ள கதவு பூட்டியே இருக்கிறதா? அதிகாரி வந்தால் யாரை அழைக்க வேண்டும்? பதில் சொல்ல வேண்டியவர் ஒருவரே இருக்கட்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்க வேண்டாம். “எனக்கு அதற்கு அதிகாரம் இல்லை, மேனேஜரைக் கூப்பிடுகிறேன், இங்கே காத்திருங்கள்.” இதுதான் நீங்கள் சொல்ல வேண்டிய முழு வசனம்.

“இந்தப் பெயரில் ஒருவர் உள்ளே இருக்கிறாரா?” என்று கேட்டால் என்ன செய்வது? ஹிப்பா சட்டப்படி நோயாளி தகவல் ரகசியம், நிர்வாக வாரண்டைப் பார்த்து அதைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் “இல்லை” என்று பொய் சொல்லாதீர்கள். மத்திய அதிகாரியிடம் தெரிந்தே பொய் சொல்வது தனிக் குற்றம். “பதில் சொல்ல முடியாது” என்பது குற்றமே இல்லை. பின்வாசல் வழியாக யாரையும் அனுப்பி வைப்பதும் கூடாது. மில்வாக்கியில் ஹன்னா டூகன் என்ற நீதிபதி, தன் கோர்ட்டுக்கு வந்த ஒருவரைப் பக்கத்துக் கதவு வழியாக வெளியே அனுப்பினார் என்று 2025 ஏப்ரலில் கைது செய்யப்பட்டார். டிசம்பரில் ஜூரி அவரை மறைத்து வைத்த குற்றத்திலிருந்து விடுவித்தது, ஆனால் அதிகாரிகளின் வேலைக்குத் தடை ஏற்படுத்திய குற்றத்தில் குற்றவாளி என்றது. நீதிபதிக்கே அந்த நிலை என்றால் எச்-4இல் இருக்கும் நீங்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது.

விசாவுக்கு ஆபத்தா என்று கேட்டீர்கள். சம்மதம் தர மறுப்பது உங்கள் உரிமை. மறுத்தது மட்டுமே விசாவைப் பறிக்க ஒரு காரணம் என்று சட்டத்தில் சொல்லப்படவில்லை. ஆபத்து வருவது உடம்பால் தடுப்பதில், பொய் சொல்வதில், ஆளை மறைப்பதில். அவர்கள் உங்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் விட்டுவிடுங்கள். “நான் சம்மதிக்கவில்லை” என்று சத்தமாகச் சொல்லுங்கள். முடிந்தால் தள்ளி நின்று வீடியோ எடுங்கள், அதிகாரியின் பேட்ஜ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கசப்பான உண்மையும் இருக்கிறது. சட்டவிரோதமாக நுழைந்து ஆளைப் பிடித்தாலும், அந்த ஒரே காரணத்தால் நாடுகடத்தல் வழக்கு தானாக விழுந்துவிடாது. 1984இல் லோப்பஸ் மெண்டோசா வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்தது. மிக மோசமான மீறல்களுக்கு மட்டுமே வழி விட்டது. ஆகவே கதவிலேயே நிற்பதுதான் பலன் தரும். பின்னால் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்பது பலவீனமான நிலை.

பார்க்கிங் லாட்டில் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. பள்ளி வாசல், கோயில் வாசல், கிளினிக்குக்கு வெளியே உள்ள நடைபாதை எல்லாம் பொது இடம்தான். அங்கேயும் ஒருவரை நிறுத்தி வைக்க நியாயமான சந்தேகம் வேண்டும். லாஸ் ஏஞ்சலஸில் நிறத்தையும் பேச்சையும் இடத்தையும் வேலையையும் மட்டும் வைத்து நிறுத்தக்கூடாது என்று 2025 ஜூலையில் ஒரு மத்திய நீதிபதி தடை போட்டார். செப்டம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. அதனால் பதினெட்டு வயது நிறைந்த வெளிநாட்டவர் எல்லாரும் பதிவு ஆவணம் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற பழைய சட்டத்தை இப்போது அலட்சியம் செய்யாதீர்கள். உங்களுக்கு வேலை அனுமதி அட்டையே போதும். உங்கள் கணவர் ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு) பிரிண்ட் எடுத்து பர்ஸில் வைத்துக்கொள்ளட்டும்.

தமிழ்ப் பள்ளி கொஞ்சம் சிக்கலான இடம். எஸ்பி 81 வந்த அதே நாளில் ஏபி 49 என்ற சட்டமும் வந்தது. கோர்ட் வாரண்ட் இல்லாமல் பள்ளியின் உள் இடங்களுக்கு ஐஸை விடக்கூடாது என்று பள்ளி ஊழியர்களுக்குச் சொல்கிறது. குடியுரிமை பார்க்காமல் எந்தக் குழந்தையும் பள்ளியில் படிக்கலாம் என்பது 1982இல் ப்ளைலர் வழக்கிலேயே முடிவான விஷயம். ஆனால் இவை பொதுப் பள்ளி மாவட்டத்தைப் பற்றியவை. ஞாயிற்றுக்கிழமை அங்கே இருப்பது நீங்கள், ஒரு தனியார் லாபநோக்கற்ற அமைப்பு. ஏபி 49 உங்களை நேரடியாகக் கட்டுப்படுத்தும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

அன்று கட்டடத்தில் பள்ளி மாவட்டத்தின் ஆள் யார் இருப்பார்? பெரும்பாலும் சாவிக்கொத்தோடு ஒரு கஸ்டோடியன், அதாவது கட்டடப் பராமரிப்பாளர். அவரிடம் போய் “திற” என்றால் அவர் திறந்துவிடுவார். இங்கே பழைய தீர்ப்புகள் உங்களுக்குத் துணை. குடியிருப்பவர் சார்பில் வீட்டுக்காரர் சம்மதம் தர முடியாது என்று 1961இலும், தங்கியிருப்பவர் சார்பில் ஹோட்டல் கிளார்க் தர முடியாது என்று 1964இலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாடகைக்கு எடுத்த மூன்று மணி நேரத்துக்கு அந்த வகுப்பறைகள் உங்கள் பொறுப்பில் இருக்கின்றன என்று வாதிட அது நல்ல அடித்தளம். வாதத்துக்கு வேலை வைக்காமல் வாடகை ஒப்பந்தத்திலேயே இதை எழுதிவிடுவது இன்னும் நல்லது. உங்கள் பள்ளியின் செயலாளரிடம் சொல்லுங்கள். வகுப்பு நேரத்தில் யாரை உள்ளே விடுவது என்பதைப் பள்ளி நிர்வாகக் குழுவே முடிவு செய்யும், கஸ்டோடியன் முதலில் அவர்களை அழைக்க வேண்டும் என்று இரண்டு வரி போதும். வெளிக்கதவைச் செங்கல் வைத்துத் திறந்து வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். தாமதமாக வரும் பெற்றோருக்காகச் செய்கிறோம், தெரியும். திறந்து கிடக்கும் கதவு பொது இடம் என்று சொல்ல அவர்களுக்கு நீங்களே சாட்சி கொடுப்பதாகும்.

கோயிலைப் பற்றி மேலோட்டமாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். 2025 பிப்ரவரியில் மேரிலாண்டில் நீதிபதி சுவாங் சில மத அமைப்புகளுக்கு மட்டும் தடை உத்தரவு கொடுத்தார். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபைகளோடு வழக்கில் சேர்ந்திருந்த சாக்ரமெண்டோ சீக்கியக் கோயிலும் அதில் உண்டு. அந்த உத்தரவு வழக்குப் போட்டவர்களுக்கு மட்டும்தான், வாரண்டோடு வந்தால் அதுவும் தடுக்காது. வாஷிங்டன் டி.சி.யில் வேறு மத அமைப்புகள் கேட்டபோது வேறு நீதிபதி மறுத்துவிட்டார். உங்கள் கோயிலுக்கு இதனால் நேரடிப் பலன் இல்லை. பெரிய மண்டபம் எல்லாருக்கும் திறந்தது. கருவறை, மடைப்பள்ளி, ஆபீஸ் அறை, குருக்கள் குடியிருப்பு எல்லாம் தனி இடம், அங்கே “அனுமதி இல்லை” பலகை இருக்கட்டும்.

கோயில் கமிட்டிக்கு ஓர் எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். பேட்ஜ் போட்டு வருகிறவர் எல்லாரும் ஐஸ் இல்லை. குருக்களுக்கு மதப் பணியாளருக்கான ஆர்-1 விசா எடுத்திருந்தால், குடிவரவு மனுக்களைப் பரிசீலிக்கும் யுஎஸ்சிஐஎஸ் துறையின் மோசடித் தடுப்புப் பிரிவு முன்னறிவிப்பில்லாமல் வந்து பார்க்கும். குருக்கள் உண்மையிலேயே பூஜை செய்கிறாரா, சம்பளம் வருகிறதா, எங்கே தங்குகிறார் என்று கேட்கும். எச்-1பிக்கும் அதே கதை. 2025 ஜனவரி 17 முதல் அமலில் உள்ள விதிப்படி, அந்தச் சோதனைக்கு ஒத்துழைக்காவிட்டால் எச்-1பி மனுவே தள்ளுபடி ஆகலாம். ஐஸுக்குச் சொல்ல வேண்டிய “முடியாது”வை அவர்களிடம் சொல்லி, குருக்களின் விசாவைக் கெடுத்துக்கொள்ளக்கூடாது. அட்டையை வாங்கிப் படித்து, எந்தத் துறை, எதற்காக என்று கேட்டு, வக்கீலை ஃபோனில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கடைசியாக ஹூஸ்டன் தம்பியின் கோர்ட் தேதி. போகாமல் இருப்பதுதான் அவர் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு. வராதவருக்கு அன்றைக்கே நாடுகடத்தல் உத்தரவு போட்டுவிடலாம். போவதிலும் ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். 2025 மே முதல் குடிவரவு கோர்ட்டுகளில் அரசு வக்கீலே வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்பதும், வெளியே வந்த ஆளைத் தாழ்வாரத்தில் பிடித்து, நீதிபதி விசாரணை இல்லாத வேக நாடுகடத்தலில் போடுவதும் நடந்தது. எனவே “வழக்கு தள்ளுபடி” என்று காதில் விழுந்ததும் சந்தோஷப்பட வேண்டாம். அவர் வக்கீல் அதை எதிர்க்க வேண்டும். வீடியோ மூலம் ஆஜராக முன்கூட்டியே மனுப் போட முடியுமா என்றும் கேட்கட்டும். தம்பி எல்லை தாண்டி வந்தவரா, விசாவில் வந்தவரா என்று நீங்கள் எழுதவில்லை. எல்லை தாண்டி வந்தவர்களுக்கு ஜாமீன் விசாரணையே கிடையாது என்ற நிலைப்பாட்டை 2025 செப்டம்பரில் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் ஏற்றுக்கொண்டது. ஆகவே அந்த ஒரு விவரம் எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

கலிஃபோர்னியா, நியூயார்க் மாநில கோர்ட்டுகளுக்குப் போகிறவர்களை நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் இல்லாமல் சிவில் கைது (குற்ற வழக்கு அல்லாத கைது) செய்யத் தடைச் சட்டம் உண்டு. டெக்ஸாஸில் அப்படி எதுவும் இல்லை. நாடு முழுக்கப் பொருந்தும் சிறு பாதுகாப்பு ஒன்றும் இருக்கிறது, யாருக்கும் தெரிவதில்லை. குடும்ப வன்முறை வழக்குக்காகவோ பாதுகாப்பு உத்தரவுக்காகவோ கோர்ட்டுக்கோ காப்பகத்துக்கோ வந்த ஒருவரை அங்கே பிடித்து வழக்குப் போட்டால், பாதிக்கப்பட்டவரின் தகவலைக் காக்கும் ரகசியக் காப்பு விதியை மீறவில்லை என்று அதிகாரிகள் எழுத்தில் சான்று தர வேண்டும். இது நாடாளுமன்றச் சட்டம், சுற்றறிக்கை இல்லை. கணவர் “ஐஸுக்குச் சொல்லிவிடுவேன்” என்று மிரட்டும் எந்தப் பெண்ணையாவது உங்கள் கிளினிக்கில் பார்த்தால் இதைச் சொல்லுங்கள்.

தம்பியிடம் இன்றே மூன்று வேலை சொல்லுங்கள். ஜி-28 ஃபாரம் (இவருக்கு நான் வக்கீல் என்று துறைக்குத் தெரிவிப்பது) தாக்கல் செய்த வக்கீலின் ஃபோன் எண்ணை மனப்பாடம் செய்யட்டும், பிடித்தால் செல்ஃபோன் கையில் இருக்காது. குடிவரவுத் துறை அவருக்குக் கொடுத்த ஏ-நம்பரை மனைவியும் நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐஸின் இணையத் தேடல் பக்கத்தில் அந்த எண்ணையும் பிறந்த நாட்டையும் போட்டால் எந்தத் தடுப்பு மையத்தில் இருக்கிறார் என்று தெரியும். பிரசவ நேரத்தில் ஆஸ்பத்திரியில் கூட இருக்க வேறொருவர் பெயரையும் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவர் எப்படி நாட்டுக்குள் வந்தார் என்ற விவரத்தோடு மீண்டும் எழுதினால் மற்றதைச் சொல்கிறேன்.